லெம்பாஸும் நம்ம ரொட்டியும்

வணக்கம் நேயர்களே. பிடித்த மாயக் கதை ஒன்றில் வரும் சாப்பாட்டை நம் வீட்டு அடுப்பில் எப்படிச் செய்வது என்று பேசுவதற்காக என்னை அழைத்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு ரொட்டி. டோல்கியன் எழுதிய 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலில் வரும் லெம்பாஸ். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்த நாவல் அது. வாசிக்காதவர்களுக்கு இவ்வளவு போதும்: ஃபுரோடோ என்ற சின்ன உருவக்காரன், தன் தோட்டக்காரன் சாமையும் கூட்டிக்கொண்டு, ஒரு கெட்ட மோதிரத்தை அழிக்க அது உருவான எரிமலைக்கே நடந்து போகிறான். வழியில் லோத்லோரியன் என்ற காட்டில் எல்ஃப் என்ற மாய இனத்தவர்கள் அவர்களுடைய குழுவுக்குக் கட்டிக் கொடுக்கும் சாப்பாடுதான் லெம்பாஸ்.

மெல்லிய தட்டை ரொட்டி. வெளியே இளம் பழுப்பு, உள்ளே பாலாடை நிறம். இலையில் சுற்றியிருக்கும். உடைக்காமல் இலைக்குள்ளேயே வைத்தால் பல நாள் கெடாது. ஒன்றைச் சாப்பிட்டால் நெடிய ஆளும் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு நடக்கலாம். குள்ளர் இனத்து கிம்லி, இது தனக்குத் தெரிந்த ஏதோ காய்ந்த ரொட்டி என்று நினைத்து ஓரத்தைக் கொஞ்சம் கடித்துப் பார்க்கிறான். அப்புறம் மிச்சம் வைக்கவில்லை.

செய்முறை எதையும் டோல்கியன் அந்த நாவலில் எழுதவில்லை. அதனால் ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள். பாதாம், எலுமிச்சைத் தோல், நிறைய பட்டர், நிறைய சீனி போட்டு, மாலைத் தேத்தண்ணிக்குக் கடிக்கும் பிஸ்கட் போலத்தான் பெரும்பாலும் வருகிறது. சதுரமாக வெட்டுவதும் வழக்கம். அது இந்த நாவலை வைத்து எடுத்த படங்களைப் பார்த்துப் பழகியது. புத்தகத்தில் மெல்லிய ரொட்டி என்றுதான் இருக்கிறது. ருசியாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ரொட்டியை யார் தின்றார்கள் என்பதை அந்தச் செய்முறைகள் மறந்துவிட்டன. மலையேறுகிறவன் தின்றது அது. முதுகில் சுமையோடு, குளிரில், அடுத்த வேளை எங்கே என்று தெரியாமல் நடக்கிறவன் தின்றது.

இலங்கையின் மலையகத்தில் பிறந்த எனக்கு அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது நம்ம ரொட்டிதான் மனதில் வரும். தேயிலைத் தோட்டங்களில், விடியுமுன்னே லயத்துக் காம்பராவில், அதாவது வரிசை வீட்டு அறையில், அடுப்பு மூட்டி, கோதுமை மாவைப் பிசைந்து, தேங்காய் இருந்தால் தேங்காய்ப்பூ சேர்த்து, இல்லாவிட்டால் வெறும் உப்போடு, கையாலேயே தட்டிக் கல்லில் சுட்டு எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு இரண்டை வைத்துவிட்டு, மிச்சத்தை, மிளகாயும் உப்பும் இடித்த கட்டச் சம்பலோடு கட்டிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவார்கள். பல தோட்டங்களில் ஒரு நாளுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கச் சொல்கிறார்கள், சில இடங்களில் அதற்கும் மேலே. படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, மழையிலும் அட்டைக்கடியிலும் அந்தச் சரிவில் நிற்கிற உடம்புக்கு அந்த ரொட்டிதான் பலம். இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்த கோப்பிக் காலத்து மூதாதையரும் இந்தக் கதையை வாசிக்கையில் எனக்கு நினைவுக்கு வருவார்கள். 2023இல், அவர்கள் வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் நடந்தார்களே, அதே வழி. நெடிய நடையும் கட்டுச்சோறும் நமக்குக் கதையில் மட்டும் தெரிந்த விஷயங்கள் இல்லை.

இன்னொரு விஷயத்தை நான் பிறகுதான் படித்தேன். டோல்கியன் 1973இல் காலமானார். அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளை மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்டு வந்தார். 1996இல் வந்த தொகுதியில் லெம்பாஸைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. லெம்பாஸ் செய்யும் தானியத்தைத் தொடும் உரிமை எல்ஃப் பெண்களுக்கு மட்டும்தான் என்று டோல்கியன் அதில் எழுதியிருக்கிறார். கதிர்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் கொய்ய வேண்டும், உலோகக் கத்தி படவே கூடாது. தாளையும் கையாலேயே பிடுங்கி, அதில் கூடை முடைந்து தானியத்தைச் சேர்த்து வைப்பார்கள். ரொட்டியை வைத்திருப்பதும் கொடுப்பதும் அவர்களுடைய அரசியின் உரிமை. லோத்லோரியனை ஆளும் கலாட்ரியல் அதைக் கொடுத்தனுப்புவது எவ்வளவு பெரிய கொடை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதை வாசித்தபோது என் கண்ணில் கொழுந்து மலைதான் வந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி ஆண்களுடையது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது பெண்ணின் விரல். இப்போது சில தோட்டங்களில் கத்தரி வந்துவிட்டது என்றாலும், நல்ல கொழுந்துக்கு இன்றைக்கும் விரலைத்தான் நம்புகிறார்கள். எல்ஃப் பெண்களின் கைக்கு அந்தக் கதையில் எவ்வளவு மரியாதை! நம் பெண்களின் கைக்கும் அந்த மரியாதை வேண்டும். சம்பளத்திலும் வேண்டும்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசிப் பகுதியில் வருகிறது. ஃபுரோடோவும் சாமும் எதிரியின் வறண்ட நாட்டுக்குள் நடக்கிறார்கள். கையில் லெம்பாஸ் மட்டும்தான். வேறு சாப்பாடு கலக்காமல் அதையே நம்பியிருந்தால் அதன் சக்தி கூடும், அது மன உறுதிக்கே தீனி போடும் என்கிறார் டோல்கியன். ஆனால் அடுத்த மூச்சிலேயே, அது ஆசையைத் தீர்க்கவில்லை என்றும் எழுதுகிறார். சாமுடைய மனம் சாதாரண ரொட்டிக்கும் இறைச்சிக்கும் ஏங்குகிறது. 1916இல், முதல் உலகப் போரில், பிரான்ஸில் சோம் போர்முனையில் இருந்த மனிதர் டோல்கியன். அந்த வரி அங்கேயிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாளெல்லாம் ரொட்டியே தின்ற வீட்டுப் பிள்ளைக்கு, ஞாயிற்றுக்கிழமை சோறும் இறைச்சிக் கறியும் என்றால் என்ன என்று தெரியும். அந்தப் பிள்ளைக்கு சாமைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை.

மாய ரொட்டிக்கு அந்தச் சக்தி கதையில் இருக்கிறது. நம் ரொட்டியில் வெறும் கோதுமை மா மட்டும் இருந்தால் அது வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். அதனால் நான் செய்யும் லெம்பாஸில் பயற்றம் மா சேர்க்கிறேன். நூறு கிராம் பயற்றில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது, கோதுமை மாவில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குரக்கனும் நல்லதுதான், ஆனால் நிறம் கறுத்துவிடும். பயற்றம் மாவில் உள்ளே அந்தப் பாலாடை நிறம் தானாக வருகிறது.

சரி, பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் பயற்றம் மா. பயற்றை வாசம் வரும்வரை மட்டும் இளம் சூட்டில் வறுத்து, தோல் நீக்கி அரைத்த மாவாக இருக்கட்டும். கருக வறுத்தால் நிறமும் போகும், கசக்கவும் செய்யும். அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு ஏலக்காய் பொடித்தது. ஆறு மேசைக்கரண்டி நெய் அல்லது பட்டரைப் போட்டு, மா முழுவதும் உதிரி உதிரியாக வரும்வரை விரல் நுனியால் கசக்குங்கள். இதில் அவசரப்படக் கூடாது. ரொட்டி பிற்பாடு தோல் மாதிரி இழுபடாமல் கடிக்க வருவது இந்தக் கசக்கலால்தான். அப்புறம் இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணி. இலேசான இனிப்புக்கும், வெளிப்புறம் அழகாகச் சிவக்கவும் அது போதும். கடைசியில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இறுக்கமாகப் பிசைந்து, மூடி இருபது நிமிடம் வையுங்கள்.

தேங்காய்ப்பூ எங்கே என்று கேட்பீர்கள். தேங்காய் இல்லாத ரொட்டியை எனக்கும் ரொட்டி என்று சொல்ல மனம் வராது. ஆனால் பச்சைத் தேங்காய் சேர்த்தால் மறுநாளே ஊசிப்போகும். இது வழியில் தாங்க வேண்டிய ரொட்டி, அதனால் தேங்காயும் பாலும் இதில் வேண்டாம்.

உள்ளங்கை அளவுக்கு மெல்லியதாகத் தட்டி, முள்ளுக்கரண்டியால் ஆங்காங்கே குத்திவிடுங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் தீயைக் குறைத்து, திருப்பித் திருப்பி நிதானமாகச் சுடுங்கள். விறகடுப்பு உள்ளவர்கள் சுவாலையைத் தணித்துத் தணலில் சுடலாம். அந்த ருசியே தனி. உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஓரம் மொறுமொறுப்பாகி, தட்டினால் காய்ந்த சத்தம் வர வேண்டும்.

இலைக்கு, வாழையிலையைத் தணலில் வாட்டித் துடைத்து எடுங்கள். ஹலப்ப என்ற சிங்களப் பலகாரத்தைச் சுற்றும் கெந்த இலை கிடைத்தால் அதுவும் நல்லது. ரொட்டி முழுதும் ஆறிய பிறகுதான் சுற்ற வேண்டும். சூட்டோடு சுற்றினால் வியர்த்து நமத்துப்போகும். எல்ஃப் இலைக்குள்ள காவல் நம் இலைக்கு இல்லை, ஒரு நாள் பயணத்துக்குச் சரி. அதற்கு மேல் வைப்பதென்றால் இலை இல்லாமல் பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடுங்கள்.

இதைச் செய்து பார்க்க நல்ல காலம் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை. 2,243 மீட்டர் உயரம். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஆயிரக்கணக்கில் படிகள். நடுச்சாமத்தில் கிளம்புகிறவர்கள் ஆளுக்கு இரண்டு ரொட்டி கட்டிக்கொள்ளுங்கள். ஏறும்போது பாதி, உச்சியில் பாதி, இறங்கும்போது ஒன்று. கட்டச் சம்பலைத் தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியோடு சேர்த்துக் கட்டினால் எண்ணெயும் புளியும் ஊறி, வழியிலேயே நைந்துபோகும். சாமுக்குச் சம்பல் கிடைக்கவில்லை, நமக்கு இருக்கிறது. நன்றி, வணக்கம்.