பிடிக்கவும் விடவும் தெரிந்த கலம்

(திருகோணமலையில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் செல் என்பார்கள், நம் பாடப்புத்தகத்தில் கலம். துறைமுக ஊர்க்காரருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மரக்கலமும் நினைவுக்கு வரும். வரட்டும், இன்றைய பேச்சும் நகரும் கலங்களைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கேள்வி. டச்பே பாறையில் ஏறும்போது சிப்பி காலைக் கீறிவிடுகிறது. காயத்தை மூட அக்கம்பக்கக் கலங்கள் ஊர்ந்து வரவேண்டும். பிடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு விரைவாக வரும் என்று நினைப்பவர்கள் கையை உயர்த்துங்கள். சரி, முக்கால்வாசிப் பேர். உங்கள் வயதில் நானும் உயர்த்தியிருப்பேன்.

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். (டிராக்டரில் பூட்டிய வின்ச் இழுப்பதைச் சொல்லவில்லை; என் உவமைக்கு அது உதவாது.) வரிசையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு, நீர் விளிம்புக்குப் போய் மறுபடி பிடிப்பார். விடமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால் முன்னால் பிடிக்க ஆள் இருக்காது.

கலத்தில் அந்தக் கைக்கு இன்டெக்ரின் என்று பெயர். 1986இல் சூட்டிய பெயர். கலமென்சவ்வை ஊடுருவி நிற்கும் புரதம் இது. வெளிமுனை, கலத்துக்கு வெளியே உள்ள ஃபைப்ரோநெக்டின், கொலாஜென் போன்ற புரதங்களைப் பற்றும்; உள்முனை டாலின் என்ற புரதம் வழியாக, கலத்தின் உட்சட்டமான ஆக்டின் இழைகளோடு தொடுத்திருக்கும். வேலையில்லாத இன்டெக்ரின் மடங்கிக் கிடக்கும். டாலின் வந்து அதன் உள்முனை வாலைத் தொட்டதும் நிமிரும். ஆக, எப்போது பிடிப்பது என்று உள்ளிருந்தே உத்தரவு போகிறது. பிடித்த பிறகு செய்தி எதிர்த்திசையில் வரும். ஆனால் இன்டெக்ரின் நொதியம் அல்ல, தானாக எதையும் செய்துவிடாது. அதனால் பிடி விழுந்த இடத்தில் ஃபாக் என்ற நொதியம் வந்து கூடுகிறது, தன்னிலுள்ள தைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்றில் பொஸ்பேற்றை ஏற்றுகிறது. அந்த இடத்தைப் பார்த்து சார்க் என்ற இன்னொரு நொதியம் வந்து ஒட்டுகிறது. அங்கிருந்து செய்தி கிளைவிடும்.

கரைவலைக்காரர் அம்பா பாட்டுக்கு ஒன்றாக இழுப்பார்கள். கலத்துக்குள் குரல் ஒன்றல்ல. 1992இல் ஆன் ரிட்லி, ஆலன் ஹால் குழுவினர் ராக் என்ற புரதத்தைக் கலத்துக்குள் செலுத்தினார்கள். சவ்வின் விளிம்பு அலையலையாக எழுந்தது. ரோ என்ற இன்னொரு புரதத்தைச் செலுத்தியபோது தடித்த ஆக்டின் கட்டுகள் தோன்றின. ராக் முன்விளிம்பைத் தள்ளுகிறது, ரோ உடலைச் சுருக்கி இழுக்கிறது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உண்மை இன்னும் கொஞ்சம் சிக்கலானது.

இனி எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபாக் மரபணு இல்லாத எலிக் கருக்களை உருவாக்கினார்கள். கருக்கள் வயிற்றிலேயே இறந்தன. அவற்றின் கலங்களை வளர்த்துப் பார்த்தால், பிடியைப் பற்றிய செய்தி சொல்லும் நொதியம் இல்லையே, பிடிப்புப் புள்ளிகள் குறைந்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கூடியிருந்தன! கலங்களோ மெதுவாக நகர்ந்தன. பற்றியதை விடத் தெரியவில்லை. 1997இல் வந்த இன்னொரு ஆய்வும் இதையே எண்களால் காட்டியது: மிக இறுகினாலும் நகர்வு மெதுவாகும், மிகத் தளர்ந்தாலும் மெதுவாகும், இடைப்பட்ட பிடியில்தான் வேகம் உச்சம்.

விடுவதற்கும் ஆள் வைத்திருக்கிறது கலம். கல்பெயின் என்ற நொதியம் டாலினை வெட்டும். பின்பக்கத்து இன்டெக்ரின்களைக் கலம் சிறு பைகளில் உள்ளே இழுத்து மீண்டும் சவ்வுக்கு அனுப்பும். கயிற்றை விட்டு நீர் விளிம்புக்குப் போனாரே, அவர்தான்.

அதற்காகப் பிடியே இல்லாமலும் ஆகாது. அரிதான பரம்பரை நோய் ஒன்றில் வெண்குழியங்களின் பீட்டா-2 இன்டெக்ரின் பழுதுபட்டிருக்கும். குருதியில் வெண்குழியங்கள் ஏராளமாக இருக்கும், ஆனால் குழாய்ச் சுவரைப் பற்றி வெளியே வர இயலாது. காயத்தில் சீழ் கட்டாது. கேட்க நல்லதாகத்தான் தோன்றும். கிருமிகளுக்கோ திறந்த வீடு. பிறந்த குழந்தைக்கு ஒன்றிரண்டு கிழமையில் விழவேண்டிய தொப்புள்கொடி மூன்று கிழமை தாண்டியும் விழாமல் நின்றால் மருத்துவர் இந்த நோயையும் நினைத்துப் பார்ப்பார். கொடி கழன்று விழுவதற்கும் வெண்குழியங்கள் அங்கே வந்து சேரவேண்டும்.