நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சமா? ஏலகிரி மலை சொல்லும் கணக்கு

[திரையில்: ஏலகிரி மலைப்பாதை, உயரத்தில் இருந்து. வளைவில் இறங்கும் ஒரு சின்ன கார்.]

இந்தக் காரைப் பாருங்கள். ஏலகிரியில் இருந்து பொன்னேரி அடிவாரத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். என்ஜின் சுற்றுகிறது, ஏசி ஓடுகிறது, உள்ளே பாட்டு கேட்கிறது. ஆனால் இந்த நொடியில் என்ஜினுக்குள் ஒரு சொட்டு பெட்ரோல்கூடப் போகவில்லை. வண்டி நியூட்ரலிலும் இல்லை. இரண்டாவது கியரில் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், வேலூரில் காட்பாடியில் இருந்து பாகாயம் போகும் நெரிசலிலும் உங்கள் காரின் மைலேஜ் ஏறும். வீடியோவின் கடைசி வரை இழுத்தடிக்க மாட்டேன், பாதியிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

[திரையில்: மீட்டர் போர்டு, டிரிப் மீட்டர்.]

வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் சின்ன கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். "ஷோரூமில் லிட்டருக்கு 22 என்று சொன்னார்கள், எனக்கு 14தான் கொடுக்கிறது." அந்த 22 பொய் இல்லை. அது சோதனைக் கூடத்தில் வந்த எண். காரை உருளைகளின் மேல் நிறுத்தி, இந்தியாவுக்கென்று வகுத்த ஒரு ஓட்ட முறைப்படி ஓட்டுவார்கள். வேகம் 90-ஐத் தாண்டாது. ஏசி அணைந்திருக்கும். எதிரே ஷேர் ஆட்டோ வராது, நடுரோட்டில் மாடு படுத்திருக்காது. கார்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். உங்கள் வண்டி என்ன கொடுக்கும் என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

அளப்பது எளிது. டேங்கை நிரப்புங்கள், பங்கில் ஆட்டோ கட் ஆனதும், அதாவது குழாய் தானாக நின்றதும், நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் "ரவுண்டா போட்டுருங்கண்ணா" வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முக்கால் டேங்க் தீர்ந்த பிறகு அதே பங்குக்குப் போய் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். 500 ரூபாய்க்குப் போட்டு, முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கு எதற்கும் உதவாது.

சரி, பெட்ரோல் எங்கே போகிறது?

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடும். அதில் நாம் செய்ய ஒன்றும் இல்லை, அது என்ஜினின் இயல்பு. ஆனால் சக்கரத்துக்கு வந்து சேர்ந்த அந்தக் கால் பங்கு இருக்கிறதே, அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பது முழுக்க முழுக்க நம் வலது காலில் இருக்கிறது.

[திரையில்: பிரேக் டிஸ்க், நெருக்கமாக. பக்கத்தில் அடுப்பில் கொதிக்கும் தண்ணீர்.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. நாமே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் அடித்து நிறுத்துகிறோம். அந்த ஓட்டத்தில் இருந்த ஆற்றல் சுமார் 139 கிலோஜூல். அது எங்கே போனது? பிரேக்கில் சூடாகிப் போனது. அந்தச் சூட்டை மட்டும் பிடித்துவைக்க முடிந்தால், குழாயில் பிடித்த தண்ணீரைக் கிட்டத்தட்ட அரை லிட்டர் கொதிக்க வைக்கலாம். நாலு பேருக்கு டீ! ஒரே ஒரு பிரேக்கில்!

அந்த ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொடுக்க எவ்வளவு பெட்ரோல் ஆனது? கால் பங்கு கணக்குப்படி சுமார் 18 மில்லி. ஒவ்வொரு முறை 60-க்குப் போய், சட்டென்று பிரேக் அடித்து நின்றால் 18 மில்லி ரோட்டில் கொட்டியதற்குச் சமம். 55 முறை அப்படி நின்றால் ஒரு லிட்டர் முடிந்தது. ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கு 55 முறை என்பது பெரிய விஷயமே இல்லை. வேலூர் கிரீன் சர்க்கிளைத் தாண்டுவதற்குள்ளேயே நான்கைந்து முறை நிற்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 40-இல் போய் நின்றால் வீணாவது 8 மில்லிதான். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் வீணாகும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு கூடுகிறது. அதாவது இரண்டு சிக்னலுக்கு நடுவில், இரண்டு வேகத்தடைக்கு நடுவில் விரட்டிப் பிடிக்கும் அந்த 60 இருக்கிறதே, மைலேஜைத் தின்பது அதுதான். ஏசி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெட்ரோலை மிச்சம் பிடிப்பது ஆக்சிலரேட்டரில் இருக்கிறது என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அது பிரேக்கில்தான் இருக்கிறது. பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே வராதபடி ஓட்டுவதுதான் முழு வித்தையும்.

எப்படி? இங்கேதான் ஏலகிரி வருகிறது.

[திரையில்: இன்ஜெக்டர் வேலை செய்யும் அசைபடம். காலை எடுத்ததும் தெளிப்பு நிற்கிறது.]

இன்றைய கார்களில் என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிப்பது இன்ஜெக்டர். அதை ஒரு சின்ன கணினி இயக்குகிறது. வண்டி கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால் அந்தக் கணினி ஒரு முடிவு எடுக்கிறது. "சக்கரமே என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நான் எதற்குப் பெட்ரோல் கொடுக்க வேண்டும்?" என்று இன்ஜெக்டரை மூடிவிடுகிறது. செலவு பூஜ்யம். ஆர்பிஎம், அதாவது என்ஜின் சுற்றும் வேகம், இறங்கி ஐடில் பக்கம் (வண்டி நிற்கும்போது என்ஜின் சும்மா சுற்றும் வேகம்) வரும்போது, என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடி திறக்கிறது. உங்கள் காரின் திரையில் அந்த நொடியின் மைலேஜ் காட்டும் வசதி இருந்தால் பாருங்கள், காலை எடுத்த சில நொடிகளில் அது காட்டக்கூடிய உச்ச எண்ணுக்கு ஓடிப்போய் நிற்கும்.

நியூட்ரலில் என்ன ஆகிறது? சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. என்ஜின் தானாகச் சுற்ற வேண்டும். அதற்குப் பெட்ரோல் வேண்டும். சின்ன காரில் ஐடிலிங் என்றால் மணிக்கு அரை லிட்டரில் இருந்து முக்கால் லிட்டர் வரை போகும், ஏசி ஓடினால் இன்னும் கூட. ஆக, மலை இறக்கத்தில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் போடுபவர் பெட்ரோலைச் செலவு செய்துகொண்டு இறங்குகிறார். கியரில் இறங்குபவருக்கு அந்தச் செலவு இல்லை.

அப்படியென்றால் "நியூட்ரலில் விட்டால் மிச்சம்" என்று அப்பா, பெரியப்பா காலத்தில் சொன்னது தப்பா? அவர்கள் காலத்துக்கு அது சரி. அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். கணினி இல்லை, என்ஜின் இழுக்கும் காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கருவி அது. காலை எடுத்தாலும் என்ஜின் வேகமாகச் சுற்றும்வரை அது பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. வண்டி மாறிவிட்டது, பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். மலை இல்லை, சமதளத்தில் மிக லேசான இறக்கம் என்றால், நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும். வெறும் காகிதக் கணக்கில் சில இடங்களில் அது ஜெயிக்கும். அப்படியும் நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். திடீரென்று முன்னால் ஒரு பைக் குறுக்கிட்டால், கியரில் இருக்கும் வண்டியில்தான் உடனே முடுக்கவோ குறைக்கவோ முடியும்.

மலையிலோ பேச்சுக்கே இடமில்லை. நாலு பேரோடு 1200 கிலோ எடையுள்ள கார் 600 மீட்டர் உயரம் ஏறுகிறது என்றால், அந்த உயரத்துக்கு மட்டுமே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. அதில் சக்கரத்துக்கு வந்து சேர்ந்த கால் பங்கு ஆற்றல் இப்போது காரில் சேமிப்பாக இருக்கிறது. இறங்கும்போது அது எங்காவது போயாக வேண்டும். கியரில் இருந்தால் அதில் பெரும் பங்கை என்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் தலையில். பிரேக் சூடேறி, பிடிப்புக் குறைந்து, பெடல் அமுங்கிக்கொண்டே போகும்போது அடுத்த வளைவு வந்து நிற்கும். சாவியைத் திருப்பி என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிரேக்குக்கு உதவும் விசை போய்விடும், ஸ்டீயரிங் இறுகும், பூட்டிக்கொள்ளவும் கூடும். உங்கள் வீட்டில் யாராவது இப்படி இறக்குகிறார்கள் என்றால் இந்த வீடியோவை இப்போதே அவர்களுக்கு அனுப்புங்கள்.

[திரையில்: பாலாற்றுப் பாலம், காலை நேர நெரிசல்.]

இதை ஊருக்குள் கொண்டுவருவோம். பாலாற்றுப் பாலத்தில் காட்பாடியை நோக்கிப் போகிறீர்கள். தூரத்தில் டவுன் பஸ்ஸின் பிரேக் விளக்கு எரிகிறது. பெரும்பாலானவர்கள் பஸ்ஸின் பின்பக்கம் வரை அதே வேகத்தில் போய் பிரேக் அடிப்பார்கள். நீங்கள் விளக்கைப் பார்த்த உடனே காலை எடுங்கள், கிளட்சை மிதிக்காதீர்கள், கியரிலேயே விடுங்கள். இன்ஜெக்டர் மூடிவிடும். ஏற்கெனவே செலவழித்த பெட்ரோலில், புதிதாக ஒரு சொட்டும் போடாமல் அந்தத் தூரத்தைக் கடக்கிறீர்கள். பாதி நேரம் நீங்கள் போய்ச் சேருவதற்குள் பஸ் கிளம்பியிருக்கும். நின்று முதல் கியரில் எடுப்பதற்குப் பதில் 20-இல் இருந்தே எடுக்கலாம். முன்னால் இருக்கும் வண்டியைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு வண்டிகளைப் பாருங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும், அவரும் அதே சிக்னலில்தான் நிற்கப்போகிறார்.

எடுக்கும்போது மட்டும் ரொம்பவும் பயந்து ஊர்ந்து எடுக்க வேண்டாம். மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே நெடுநேரம் போவதைவிட, மிதமாக மிதித்து, சீக்கிரம் மேல் கியருக்குப் போய் அந்த வேகத்தில் நிலைத்து ஓடுவது நல்லது. என்ஜின் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தால் மட்டும் ஒரு கியர் இறக்குங்கள்.

ஹைவேயில் கதை வேறு, அங்கே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-இல் இருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. வேலூரில் இருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். முழுத் தூரமும் ஒரே சீராக ஓட்ட முடிந்தால்கூட 100-க்கும் 80-க்கும் வித்தியாசம் 21 நிமிடம். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் அந்த 21 நிமிடமும் கரைந்துவிடும். மேலே காலியாக இருக்கும் லக்கேஜ் கேரியரையும் கழற்றி வீட்டில் வையுங்கள், அது காற்றைப் பிடித்து இழுக்கிறது.

டயர் காற்று பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். மைலேஜில் அதன் பங்கு அவ்வளவு பெரிதில்லை, நான்கு டயரிலும் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐ (பங்கில் காற்று பிடிக்கும் அளவு) குறைந்தால் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் மே மாதத்து வேலூர் ரோட்டில் காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். அதற்காகவே பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். காலையில், டயர் சூடேறுவதற்கு முன் பிடியுங்கள்.

ஏசியை அணைத்துவிட்டு அக்னி நட்சத்திரத்தில் மைலேஜ் பாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடும் வெயிலில், குறைந்த தூர ஓட்டத்தில் ஏசி கால் பங்கு மைலேஜைக்கூடத் தின்னும், உண்மைதான். அதற்கு வழி, வண்டியை எடுத்ததும் கண்ணாடிகளை இறக்கி உள்ளே இருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வராதபடி உள்காற்றையே சுற்றவிடுவது. நிழல் கிடைத்தால் இரண்டு நிமிடம் கூடுதலாக நடந்தாலும் நிழலில் நிறுத்துங்கள்.

கடைசியாக, கமெண்டில் அதிகம் வரும் கேள்வி: எத்தனால். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டரில் 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. உங்கள் மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருந்தால் எல்லாப் பழியையும் மெக்கானிக் மேல் போடாதீர்கள். அதே நேரம் 22 வர வேண்டிய இடத்தில் 14 வருவதற்கு எத்தனாலை மட்டும் காரணம் சொல்லவும் முடியாது. விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டாலும் இது சரியாகாது. அதில் கூடுவது ஆக்டேன் எண், அதாவது என்ஜின் தட்டாமல் தாங்கும் திறன். அது கூடுவதால் ஆற்றல் கூடுவதில்லை.

[திரையில்: பங்கில் ஆட்டோ கட் ஆகும் காட்சி.]

இப்போது ஒரு வேலை தருகிறேன். அடுத்த டேங்கை வழக்கம்போல் ஓட்டி அளந்துவிடுங்கள். அதற்கடுத்த டேங்கில் பிரேக்கை மட்டும் கவனியுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு எண்களையும், எந்த ரூட்டில் ஓட்டினீர்கள் என்பதையும் கமெண்டில் எழுதுங்கள். குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர்க்காரர்கள் கட்டாயம் எழுத வேண்டும். ஏஎம்டி, அதாவது தானாகக் கியர் மாற்றும் கார் வைத்திருப்பவர்களும் எழுதுங்கள், உங்களுக்கென்று தனி வீடியோ தயாராகிக்கொண்டிருக்கிறது.