கணக்கப்பிள்ளை இருந்த மண்ணில் கணக்காளர்கள்

நேயர்களுக்கு என் வணக்கம். இலங்கை மலையகத்தில் கணக்கு என்றதும் பெரியவர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான். யாருக்கு முழு நாள் சம்பளமான முழுப் பேர், யாருக்கு அரை நாளுக்கான அரைப் பேர் என்று மலையில் அவர் எழுதியதே மாத முடிவில் சம்பளத் துண்டாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தது. என் அம்மாவின் துண்டைத் தரம் எட்டிலிருந்து நானே வாசித்துச் சொல்லி வந்தேன். சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று ஒவ்வொரு கழிவையும் கூட்டிப் பார்த்த அந்த மாலைகளில்தான் எனக்குக் கணக்கியலில் ஆசை பிறந்தது.

உயர்தரத்தில் வணிகப் பிரிவில் சித்தியடைந்து, பட்டயக் கணக்காளர் படிப்பின் தொடக்கப் பரீட்சைகளையும் முடித்த பின்னர், கொழும்பிலுள்ள கணக்காய்வு நிறுவனமொன்று பயிற்சிக்கான நேர்முகத்துக்கு என்னை அழைத்தது. எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, மலைக்குப் போனவர் ஒருவரின் கையில் ஏறி, நேர்முக நாள் கழிந்து நான்காம் நாள் எங்கள் வீட்டை அடைந்தது. அம்மா அதைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். மறுநாள் விடியற்காலையிலேயே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்கள். அடுத்த விண்ணப்பத்தில் ஹற்றனில் மாமா வேலை செய்த கடையின் முகவரியைக் கொடுத்தேன். அந்தக் கடிதம் மூன்றாம் நாளே கிடைத்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளைத் தடுப்பது பரீட்சை மட்டுமல்ல, பரீட்சைக்கு அப்பால், கணக்காய்வு நிறுவனமொன்றில் கழிக்க வேண்டிய பயிற்சிக் காலம். பயிற்சிக் கொடுப்பனவு கொழும்பில் அறை வாடகைக்கே போதாத நிலையில், கெட்டிக்காரப் பிள்ளையும் பாதியில் ஊர் திரும்புகிறது.

அமெரிக்காவிலும் இதே கதவுதான் சாத்தப்பட்டிருந்தது. அங்கே உரிமம் பெற்ற முதல் கறுப்பினக் கணக்காளரான ஜோன் குரோம்வெல், முன்அனுபவம் கேட்காத நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குச் சென்றே 1921 இல் தகுதி பெற்றார். கறுப்பினத்தவரைப் பயிற்சிக்குச் சேர்க்க வெள்ளையர் நிறுவனங்கள் முன்வராத காலத்தில், 1943 இல் சிக்காகோவில் தகுதி பெற்ற மேரி வாஷிங்டன் என்னும் பெண்மணி, தமது நிறுவனத்தையே பலருக்குப் பயிற்சிக் களமாக்கினார். அவரிடம் பயின்றவர்களே பின்னர் பலராகப் பெருகினார்கள்.

நமக்கு இந்தத் தாமதம் இன்னும் ஆழமானது. பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959 இல் சட்டத்தால் அமைக்கப்பட்டபோது, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம்மவரில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையே இருக்கவில்லை. குடியுரிமை இல்லாத வீட்டிலிருந்து எந்தத் தொழிலின் உயர்ந்த வாசலையும் யாரால் எட்டியிருக்க முடியும்? ஆகவே நமக்கும் ஒரு மேரி வாஷிங்டன் போதாது, பலர் வேண்டும். ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளை ஆகிய நகரங்களில் பணிபுரியும் கணக்காளர்கள், தங்கள் அலுவலகங்களை அங்கீகாரம் பெற்ற பயிற்சி இடங்களாக்கி, ஆண்டுக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளையையேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி பஸ் தூரத்தில் கிடைத்தால் அறை வாடகை என்ற சுமையே எழாது.

ஆங்கிலத்தைப் பற்றியும் பெண் பிள்ளைகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். இப்போது விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தவறாமல் எழுதுங்கள், தபாலுக்கு, கடிதம் அன்றே உங்கள் கைக்கு வரக்கூடிய ஒரு முகவரியைக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.