இறந்த நாய் எழுதிய கடிதங்கள்

[காட்சி: குன்னூர். நவம்பர் மழை. ஓட்டு வீட்டின் ஜன்னல் திண்டில் அட்டை பிய்ந்த ஒரு புத்தகம்.]

இந்தப் புத்தகத்தை முகர்ந்தால் பூஞ்சணமும் அந்துருண்டையும் சேர்ந்து மணக்கும். மலை ஈரத்தில் எந்தக் காகிதமும் இப்படித்தான் ஆகிவிடும். ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் வரிசையில் முதல் கதை இது; கடலும் தீவும் புதையலும் கொண்ட சாகசம். 1942இல் தொடங்கிய அந்த வரிசையில் மொத்தம் 21 கதைகள்.

பத்து வயதில் லாம்ப்ஸ் ராக் பாறையில் நின்று பார்த்தபோது, கீழே சமவெளியை மூடியிருந்த மேகம் எனக்குக் கடலாகத்தான் தெரிந்தது. பையிலிருந்த வர்க்கியைத் தீவுக்குப் போகிறவளைப் போல எண்ணி எண்ணித் தின்றேன். அந்தக் கடலை எனக்குத் தந்தவர் பிளைட்டன். அந்த நன்றி இன்றும் குறையவில்லை.

[காட்சி: தட்டச்சுப் பொறியை மடியில் வைத்திருக்கும் பெண்ணின் ஓவியம்.]

பிளைட்டனுக்கு இரண்டு மகள்கள். இளையவர் இமோஜென், 1989இல் தன் குழந்தைப் பருவத்தைப் புத்தகமாக எழுதினார். தாய்மை உணர்வின் சுவடுகூட அம்மாவிடம் இருந்ததில்லை என்கிறார். மூத்தவர் கில்லியனோ அம்மாவை அன்போடுதான் நினைவுகூர்ந்தார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஒரே தாய் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பேராக இருப்பதை நம் வீடுகளிலும் பார்க்கிறோமே.

என் மனத்தை அறுப்பது வேறு. முதல் கணவர், அந்த மகள்களின் அப்பா ஹியூ பொல்லாக்கை பிளைட்டன் 1942இல் விவாகரத்து செய்தார். மகள்களைப் பார்க்கலாம் என்ற உறுதியை நம்பி, மணமுறிவின் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் பொல்லாக். பிறகு மகள்களைப் பார்க்கவே அவரை பிளைட்டன் விடவில்லை. 1943இல் பிளைட்டன் மறுமணம் செய்துகொண்டார். 1952இல் குழந்தைகளுக்காகத் தன் கதையை எழுதியபோது, அதில் பொல்லாக் என்று ஒருவரே இல்லை.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். அவருடைய செல்ல நாய் பாப்ஸ். அந்த நாயே எழுதுவதுபோல, ஆசிரியர்களுக்கான ஒரு பத்திரிகையில் குழந்தைகளுக்குக் கடிதங்கள் எழுதிவந்தார். 1935இல் பாப்ஸ் இறந்துவிட்டது. கடிதங்கள் நிற்கவில்லை. செத்த நாய் தாளில் வாலாட்டிக்கொண்டே இருந்தது. உயிரோடிருந்த அப்பாவுக்குத் தாளில் இடமில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பிளைட்டனுக்குப் பதின்மூன்று வயது வாக்கில் அவருடைய அப்பா வேறொரு பெண்ணுக்காக வீட்டைவிட்டுப் போனார். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்படி அம்மா பழக்கினார். வலிக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை வைத்து வாழ அந்தச் சிறுமி அங்கேதான் கற்றிருக்க வேண்டும். அவருடைய கதைகளில் எந்த ஆபத்தும் இரவு உணவுக்குள் தீர்ந்துபோவதும் அந்தக் கையின் வேலைதான் என்று நான் நம்புகிறேன். எனக்குக் கடல் தந்த அதே கைதான் இரண்டு பெண்களிடமிருந்து அவர்களுடைய அப்பாவைப் பிடுங்கியது. அந்த அப்பாவுக்காகக் கோபப்படுகிறேன். அந்தச் சிறுமிக்காக அழவும் செய்கிறேன்.

[காட்சி: ஜன்னலோரம், போர்வைக்குள் ஒரு சிறுமி.]

என் அண்ணன் மகள் இப்போது இதே புத்தகத்தைப் படிக்கிறாள். நேற்று நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, இந்தக் கதையில் ஜார்ஜின் அப்பா ஏன் எப்போதும் கோபப்படுகிறார்?"

"அவர் வேலை செய்யும்போது சத்தம் கேட்கக் கூடாதாம்."

"அவருக்குப் பிள்ளைகளைப் பிடிக்காதா?"

வெளியே மழை சற்று விட்டிருந்தது. அவள் விரலைப் பக்கத்துக்குள் செருகிப் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"இதை எழுதியவர் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள்" என்று சொல்லத் தொடங்கினேன்.