இன்ஹேலரில் ஒளிந்திருந்த கடிகாரம்

[திரையில்: சின்னத் தராசு ஒன்று. அதன் மேல் ஒரு இன்ஹேலர் குப்பி.]

வேளைக்கு இரண்டு பஃப் அடிக்க வேண்டிய இன்ஹேலர். ஒருவர் அதை மூன்று மணி நேரத்துக்குள் நூறு முறைக்கு மேல் அழுத்தியிருக்கிறார். மூச்சு முட்டியதா? இல்லை. கிளினிக்குக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது, குப்பியோ இன்னும் கனமாக இருக்கிறது!

இது 1980-களின் கடைசியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'லங் ஹெல்த் ஸ்டடி'யில் வெளிவந்த விஷயம். புகைப்பிடிக்கும் 5,887 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம் என்ற மருந்து உள்ள இன்ஹேலர். இன்னொரு பகுதியினருக்குப் பார்க்க அதே மாதிரி, உள்ளே மருந்து இல்லாத இன்ஹேலர். ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்க்க, ஒவ்வொரு முறை வரும்போதும் குப்பியை எடை போட்டார்கள். எடை குறைந்திருந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது என்று கணக்கு.

[திரையில்: இன்ஹேலரைச் சுற்றி ஒரு பெட்டி. அழுத்தும்போதெல்லாம் தேதியும் நேரமும் பதிவாகின்றன.]

சிலருடைய இன்ஹேலரில் மட்டும் 'நெபுலைசர் குரோனோலாக்' என்ற கருவி இருந்தது. எப்போது அழுத்தினார்கள் என்பதை நிமிடக் கணக்காகக் குறித்துவைக்கும். 1992-ல் வந்த கட்டுரையில் அப்படி 70 பேரின் கணக்கு இருக்கிறது. தினமும் மூன்று வேளை அடிக்கிறேன் என்று சொன்னவர்கள் 73 சதவீதம். கருவியின் பதிவுப்படி சராசரியாக இரண்டரை வேளையாவது அடித்தவர்கள் 15 சதவீதம். 14 சதவீதம் பேர் அந்த நூறு அழுத்து ஆசாமிகள். காற்றில் பீச்சிக் குப்பியைக் காலி செய்திருக்கிறார்கள். டாக்டர் மனம் கோணக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான், பாவம்!

ஆனால் மருந்துச் சோதனைக்கு இது விஷம். மருந்து உடம்புக்குள்ளேயே போகாதபோது, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு வரும். பக்கவிளைவும் குறைவாகத் தெரியும். செயற்கை நுண்ணறிவு அது இது என்று இன்று பேசுகிறோம். என்னைக் கேட்டால், மருந்துச் சோதனைத் துறைக்கு அந்தச் சின்னக் கடிகாரம் செய்த உபகாரம் பெரிது.

[திரையில்: வட்டமான பொடி இன்ஹேலர். பக்கவாட்டில் ஒட்டிய கருவி. கீழே ஒலி அலை.]

சரி, அழுத்தியது தெரிந்துவிட்டது. இழுத்தாரா? டப்ளினில் ஒரு குழு இதற்கு மைக்கைப் பிடித்தது. 'இன்கா' என்ற அந்தக் கருவி, பொடி இன்ஹேலரில் ஒட்டிக்கொண்டு காது கொடுத்துக் கேட்கும். மூடி திறக்கும் சத்தம், மருந்துப் பொடியைத் தயாராக்கும் நெம்புகோலின் 'கடக்', அப்புறம் மூச்சை இழுக்கும் 'ஸ்ஸ்ஸ்'. சிலர் நெம்புகோலைத் தள்ளிவிட்டு, இழுப்பதற்கு முன் அதற்குள்ளேயே ஊதிவிடுவார்கள், பொடி வீணாகும். அதையும் ஒலியை வைத்தே கணினி பிரித்துச் சொல்லிவிடும். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களிடம் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பதிவைக் காட்டிப் பேசிச் சிகிச்சை கொடுத்த பிரிவினருக்குக் குறைந்த மருந்தே போதுமானதாக இருந்தது.

இதில் ஒரு முடிச்சு உண்டு. லங் ஹெல்த் ஸ்டடியிலேயே, குரோனோலாக் கருவி என்ன செய்கிறது என்று சொல்லப்படாத 101 பேரில் 30 பேர் குப்பியைக் காலி செய்தார்கள். விவரம் சொல்லப்பட்ட 135 பேரில் ஒரே ஒருவர்தான். கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒழுங்கு வந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் யார் கண்காணிக்கப் போகிறார்கள்?

[திரையில்: இங்கிலாந்து வரைபடம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்ட்.]

அதனால்தான் 2012-ல் தொடங்கிய சால்ஃபோர்ட் ஆய்வு நேர் எதிர் வழியில் போனது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சுமார் 2,800 பேரை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு, குடும்ப டாக்டர், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி மூன்றின் மின்பதிவுகளையும் இணைத்துத் தொலைவிலிருந்து பார்த்தார்கள். புதிய இன்ஹேலர் கொடுத்தவர்களிடம் நோய் முற்றித் தொல்லை கொடுப்பது, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட 8.4 சதவீதம் குறைவு. 2016-ல் வந்த முடிவு இது.

மருந்தை வாங்கியது அந்தப் பதிவில் இருக்கும். வாங்கியதை இழுத்தாரா என்று தெரிய, திரும்பவும் இன்ஹேலரில் ஒரு கருவியை ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு அவரிடம் சொல்லாமலும் இருக்க முடியாது.