மாத்திரை போதுமா, ஊசிதான் வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கர்ப்பமாகி 20 வாரம் கடந்தபின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால், அது பிரீஎக்லாம்ப்சியா. அழுத்தம் 160/110-க்குப் போய் இறங்காமல் நின்றால் தாயின் மூளையில் ரத்தக்கசிவு வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும்.

எந்த மருந்து? நரம்பில் போடும் லேபட்டலால், ஹைட்ரலசின் ஊசிகளைத்தான் மருத்துவர்களாகிய நாங்கள் வெகுகாலம் நம்பியிருந்தோம். ஊசிக்குப் பக்கத்திலேயே ஆள் நின்று பார்க்க வேண்டும். பிரசவ அறை நிரம்பிய இரவில் அந்த ஆள் எங்கே?

நாக்பூரில் 2 அரசு மருத்துவமனைகளில் 894 கர்ப்பிணிகளிடம் 3 மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 6 மணி நேரத்துக்குள், கெடுதல் ஏதுமின்றி அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபினில் 84 சதவீதம், லேபட்டலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. முந்தியது நிஃபெடிபின்தான். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது கடைசி எண். மெதுவான மருந்து என்று நாங்கள் ஒதுக்கிய மெத்தில்டோபாவே நான்கில் மூன்று பேருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஊசி இல்லை என்று கைகட்டி நிற்க இனி நியாயமே இல்லை.

ஆளைப் பார்த்தும் மருந்து மாறும். ஆஸ்துமா இருந்தால் லேபட்டலால் கூடாது. நிஃபெடிபினால் தலைவலி வரலாம். நோய் முற்றினாலும் தலைவலிதான், எனவே அதை மருந்தின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. நிஃபெடிபினை நாக்கின் அடியில் வைக்கவும் வேண்டாம். அழுத்தம் சட்டென்று சரிந்தால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். எனாலாப்ரில், லோசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டும் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. ஏற்கெனவே சாப்பிட்டுவருபவர்கள், கர்ப்பம் தெரிந்த உடனே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் நோயைத் தீர்ப்பதில்லை. நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. இந்த நோயில் வரக்கூடிய வலிப்பைத் தடுப்பதும் வேறு மருந்து: மெக்னீசியம் சல்பேட். அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும் என்று சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-லேயே காட்டிவிட்டது.

பிரசவம் முடிந்ததும் பலர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பயமே அங்கேதான். 3-ஆம் நாளிலிருந்து 6-ஆம் நாளுக்குள் அழுத்தம் மறுபடி ஏறக்கூடும். நிஃபெடிபினும் லேபட்டலாலும் தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடியவைதான். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.