பேரைச் சொன்னா மரண தண்டனை... அந்தக் குலத்தோட ஒரு ராத்திரி | கிராண்ட்ஃபாதர் மவுண்டன் வ்லாக்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா, நான் இப்போ லின்வில்ல இருந்து சார்லட்டுக்குத் திரும்பி வந்துட்டிருக்கேன், வழியில ஒரு பெட்ரோல் பங்க்ல காரை ஓரமா நிறுத்திட்டு பேசுறேன், ஏன்னா வீட்டுக்குப் போயிட்டா பையன் பேச விடமாட்டான், மனசுல இருக்குறது இருக்குற சூட்டோடயே சொல்லிடணும்.

எங்க பக்கத்து வீட்டு பாட்டி, நிறைய வீடியோல பாத்திருப்பீங்க, எழுபத்தெட்டு வயசு, எங்க வீட்டு கறிவேப்பிலைச் செடிக்கு நாங்க ஊர்ல இல்லாதப்போ தண்ணி ஊத்துறவங்க. அவங்க ஒவ்வொரு ஜூலையும் ரெண்டாவது வார கடைசில மலைக்குப் போயிடுவாங்க. இந்த வருஷம் கண்ணு ஆபரேஷன் பண்ணதால வண்டி ஓட்ட முடியல, நீ கூட்டிட்டு போறியாம்மான்னு கேட்டாங்க. போனேன். கிராண்ட்ஃபாதர் மவுண்டன் ஹைலேண்ட் கேம்ஸ், ஸ்காட்லாந்து பாரம்பரிய விளையாட்டுத் திருவிழா, நார்த் கரோலினால, மெக்ரே மெடோஸ்னு ஒரு பெரிய புல்வெளி. 1956ல ஆக்னஸ் மெக்ரே மார்ட்டன்னு ஒரு அம்மாவும் டொனால்ட் மெக்டொனால்ட்னு ஒருத்தரும் சேர்ந்து ஆரம்பிச்சது. ஸ்காட்லாந்துல இருந்து கடல் தாண்டி வந்தவங்களோட வம்சாவளி எல்லாம் நாலு நாளைக்கு அங்க ஒண்ணு கூடும், நூறு கிளானுக்கு மேல வருது, கிளான்னா ஸ்காட்லாந்துல குலம், ஒவ்வொரு கிளானுக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு டென்ட்.

பாட்டி கிளான் கிரெகர். அதாவது மெக்ரெகர். ஆனா அவங்க குடும்பப் பேர்ல மெக்கும் கிடையாது கிரெகரும் கிடையாது. போற வழியில அதத்தான் கேட்டேன், அப்புறம் எப்படி பாட்டி நீங்க இந்தக் கிளான்னு. ரெண்டு மணி நேரம் மக்களே, மலை ஏறி முடியுற வரைக்கும் அந்தக் கதைதான்.

1603ல கிளென் ஃப்ரூயின்னு ஒரு பள்ளத்தாக்குல மெக்ரெகர் ஆளுங்களுக்கும் கொல்ஹூன் ஆளுங்களுக்கும் பெரிய சண்டை, கொல்ஹூன் பக்கம் நிறைய பேர் செத்துட்டாங்க. அந்த நேரம் ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜாவாகி லண்டனுக்குக் கிளம்பிட்டிருக்காரு, கிளம்புறதுக்கு முன்னாடி ஏப்ரல் 3ஆம் தேதி ஒரு ஆணை போடுறாங்க. மெக்ரெகர்ங்கற பேரையே ஒழிக்கணும். அந்தப் பேரை வெச்சுக்கிட்டா மரண தண்டனை. வேற பேருக்கு மாறணும். ஆயுதம் கூடாது, கறி வெட்டித் தின்ன முனை இல்லாத ஒரு கத்தி மட்டும் வெச்சுக்கலாம். அடுத்த ஜனவரில அவங்க தலைவர் கிளென்ஸ்ட்ரே அலாஸ்டரை எடின்பரோல தூக்குல போட்டாங்க.

நிலத்தைப் பிடுங்குறது, ஆளைக் கொல்றது எல்லாம் வரலாற்றுல நிறைய படிச்சிருக்கோம். ஆனா பேரைப் பிடுங்குறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க, வீட்டு வாசல்ல நின்னு அம்மா புள்ளைய முழுப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. எனக்கு ஸ்டியரிங் பிடிச்ச கையே குளிர்ந்து போச்சு.

அப்போ என்ன பண்ணாங்கன்னா, ஆளுக்கு ஒரு பேரா மாத்திக்கிட்டாங்க, கிராண்ட், மர்ரே, டிரம்மண்ட், ஏன் எதிரியோட பேரான கேம்பெல் கூட. ராப் ராய்னு மெக்ரெகர் குலத்துல ஒரு பேர்போன ஆளு, கேள்விப்பட்டிருப்பீங்க, அவரே அவங்கம்மா பேரான கேம்பெல்ல போட்டுக்கிட்டவர்தான். 1661ல தடைய எடுத்தாங்க, 1693ல திரும்பப் போட்டாங்க, கடைசியா மொத்தமா எடுத்தது 1774ல. அதுக்குள்ள எத்தனை தலைமுறை. அதுக்கப்புறம் தலைவர் யாருன்னு முடிவு பண்ணணும்ல, 826 பேர் கையெழுத்துப் போட்டு ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தாங்க, அவர் அப்போ ஜான் மர்ரேன்னு இருந்தவர், நம்ம வங்காளத்துல ஈஸ்ட் இந்தியா கம்பெனி படையில இருந்தவர். அப்புறம்தான் அந்தக் குடும்பம் மெக்ரெகர் பேரைத் திரும்ப எடுத்துக்கிச்சு. நிறைய பேர் எடுத்துக்கல, பாட்டியோட முன்னோரும் எடுத்துக்கல, மறைச்சு வெச்ச பேரோடயே கப்பல் ஏறி வந்துட்டாங்க. அமெரிக்காவுல இவங்க சங்கம் தொடங்குனது 1909ல, இங்க இருக்குற கிளான் சங்கங்கள்லயே பழசுல ஒண்ணு.

சரி, வியாழக்கிழமை ராத்திரி. அத வீடியோ எடுக்கல, சாரி, ஒரே இருட்டு, எடுக்கவும் மனசு வரல. இருட்டுனதும் மைதானத்துல ஒவ்வொரு கிளான் சார்பாவும் ஒருத்தர் தீப்பந்தத்தோட வர்றாங்க, ஒவ்வொருத்தரா கிளான் பேரைச் சத்தமா சொல்லி நாங்க வந்திருக்கோம்னு அறிவிக்கிறாங்க. அவ்ளோதான் நிகழ்ச்சி. வேற ஒண்ணும் இல்ல. முதல் பத்து பேர் வரைக்கும் நான் சும்மா பாத்துட்டு இருந்தேன், ஜூலைல போய் குளுருதேன்னு ஷாலை இழுத்துப் போத்திட்டு. அப்புறம் மெக்ரெகர்னு சத்தம் வந்துச்சு. பாட்டி என் கையைப் பிடிச்சாங்க பாருங்க, அந்த மெலிஞ்ச கைக்கு எங்க இருந்து அவ்ளோ பலம் வந்துச்சுன்னு தெரியல, உதட்டை மட்டும் அசைச்சு அதே பேரைத் திரும்பச் சொன்னாங்க, சத்தமே வரல.

எனக்கு கண்ணு நிறைஞ்சுடுச்சு. இப்பச் சொல்லும்போதும் வருது.

மறுநாள் டென்ட் டென்ட்டா சுத்துனோம். கேபர்னு ஒரு முழு மரத்தண்டைத் தூக்கி வீசுறாங்க, எவ்ளோ தூரம் போச்சுன்னு பாக்கமாட்டாங்க, தலைகீழா புரண்டு நேரா விழுந்துச்சான்னுதான் பாப்பாங்க, அது தனி வீடியோ போடுறேன். ஹாகிஸ் சாப்பிட்டேன், ஆட்டு ஈரல், இதயம், ஓட்ஸ் எல்லாம் போட்டது, நல்லா மிளகு காரம், நம்ம நாக்குக்குப் பிடிக்கும். அமெரிக்காவுல மட்டும் நுரையீரல் போடமாட்டாங்க, 1971ல இருந்து இங்க அத உணவுக்கு விக்கத் தடை.

எந்த டென்ட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி உங்க சர்நேம் என்னங்கறதுதான், கைல தடியா ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க, பேரைச் சொன்னா எந்தக் கிளானோட கிளைன்னு தேடிச் சொல்லுவாங்க. என்கிட்டயும் அதே அன்போட கேட்டாங்க, ஒரு வயசான அம்மா, கேலிக், அதாவது ஸ்காட்லாந்தோட பழைய மொழி, சொல்லிக் குடுக்குறவங்களாம். நான் முருகேசன்னேன். அது சர்நேம் இல்லைங்க, எங்க அப்பா பேரு, பாஸ்போர்ட்ல அந்தக் கட்டத்த நிரப்பணுமேன்னு போட்டதுன்னு சொன்னேன். அமெரிக்கா வந்து பதினோரு வருஷமா இத எத்தனை கவுண்ட்டர்ல விளக்கிருப்பேன்.

அந்த அம்மா பட்டியலை மூடி வெச்சுட்டாங்க. எங்களுக்கும் அப்படித்தாம்மா ஆரம்பிச்சுதுன்னாங்க. பேர்ல வர்ற மெக், கேலிக்ல மக், மக்னா மகன். டொனால்டோட மகன் மெக்டொனால்ட், தச்சரோட மகன் மெக்கின்டயர், மெக்ரேன்னா அருளோட மகன். அப்புறம் கிளான்ங்கற வார்த்தைக்கே பிள்ளைகள்னுதான் அர்த்தமாம். எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சுங்க, மக்னா மகன், பிள்ளைகள்ங்கற சொல்லே கூட்டத்துக்கும் பேரு, நம்ம மக்கள்ங்கற வார்த்தையும் அப்படித்தானே. ரெண்டு மொழிக்கும் உறவுன்னு நான் சொல்ல வரல, அப்படி எதுவும் கிடையாது, யாரும் கமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க. காதுல விழுந்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்றேன்.

வந்தவங்க பேர் எழுதுற நோட்டை என்கிட்ட நீட்டுனாங்க. நான் என் பேரை எழுதுனேன், பின்னாடி அவங்களே பேனாவை வாங்கி மகள்ங்கறதுக்கு கேலிக்ல உள்ள வார்த்தைய எழுதி அதுக்குப் பக்கத்துல முருகேசன்னு எழுத்துக்கூட்டி எழுதுனாங்க, ஒவ்வொரு எழுத்தா என்கிட்ட கேட்டுக் கேட்டு, தப்பு வந்துடக் கூடாதுன்னு. பாட்டி பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தாங்க. அதுக்குக் கீழ அவங்க பேரை எழுதும்போது, வழக்கமா எழுதுற குடும்பப் பேருக்கு அப்புறம் ஒரு கோடு போட்டு மெக்ரெகர்னு சேத்து எழுதுனாங்க.

அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். அங்க அப்போ ராத்திரி பதினொண்ணரை, தூங்கிருப்பாருன்னு நெனச்சேன், உடனே கால் பண்ணிட்டாரு. "என்னம்மா, எம்பேரை எங்க கொண்டு போய் எழுதிருக்க"ன்னு கேட்டாரு. மலை மேலப்பான்னேன். பாட்டிகிட்ட போனைக் குடுத்தேன், ரெண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது, பாட்டி "முருகேசன்"னு ஒரு தடவை சொன்னாங்க, அப்பா அந்தப் பக்கம் "ஆமாங்க, ஆமாங்க"ன்னாரு.

பாட்டி பின் சீட்ல தூங்கிட்டு இருக்காங்க, அதான் மெதுவா பேசுறேன். கிளம்புறேன் மக்களே.